இரண்டு என்று முதலில் எண்ணியது யார்?

சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்துவந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், 1910-ல் ஆசிரியர் பயிற்சிக்காகச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிக்கு வந்தார். வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஏற்கெனவே முதுகலை ஆய்வேடு எழுதியிருந்தவர் அவர். சைதாப்பேட்டையில் பயிற்சி பெற்றதோடு, உடன் பயின்றவர்களுக்கு உளவியல் விரிவுரைகளும் நிகழ்த்தினார். அவை 1912-ல் ‘எசென்ஷியல்ஸ் ஆஃப் சைக்காலஜி’ என்ற சிறு நூலாக வெளிவந்தன. பிரம்மத்தைப் பற்றி எழுதிய பெரிய நூல்களால் பின்னாளில் புகழ்பெற்றவரின் தொடக்க கால நூல்களுள் ஒன்று மனம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றியது. இந்தத் தற்செயலில் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது. கருத்துகள் மனத்தில் எப்படி உருவாகின்றன என்பதை உளவியலுக்கு விட்டுவிடுகிறோம்; கடவுள் என்றால் என்ன என்பதைத் தத்துவத்துக்கும் சமயத்துக்கும் விட்டுவிடுகிறோம். முதல் கேள்விக்கு விடை தேடாமல் இரண்டாவதைத் தொடவே முடியாது என்பதுதான் இங்கே நான் சொல்ல வருவது. கடவுளுக்கு இதுவரை தரப்பட்ட இலக்கணங்கள் எல்லாம் மனித மனம் வேறு வேலைகளுக்காக வளர்த்துக்கொண்ட கருத்துகளால் கட்டப்பட்டவை. காரணம், செய்பவன், நோக்கம், எண்ணிக்கை, முடிவின்மை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவை பிறந்த இடம் தெரிந்துவிட்டால் கடவுள் இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் அவற்றை எவ்வளவு தூரம் நீட்டலாம், எந்த இடத்துக்கு அப்பால் அவை நம்மைக் கைவிட்டுவிடும் என்பது தெரியவரும்.

தமிழ்நாட்டுக்கு இந்த விவாதம் புதிதல்ல. மணிமேகலையின் 27-ஆம் காதையில் வஞ்சி நகரத்தில் சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, ஆசீவகன், சாங்கியன், பூதவாதி எனப் பலர் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கிறார்கள். மணிமேகலை ஒவ்வொருவரையும் பொறுமையாகக் கேட்கிறாள். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்திலேயே, தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்துக்கு ஒடுக்குபவனே முதல்வன் என்று நிறுவ முயல்கிறார். 1880-களில் சென்னை இலௌகிக சங்கத்தார் நடத்திய ‘தத்துவ விவேசினி’ வாரந்தோறும் படைப்புக் கடவுளை மறுத்து எழுதியது. அரை நூற்றாண்டு கழித்து ம. சிங்காரவேலர், வானியலையும் உயிரியலையும் துணைக்கு அழைத்துக் ‘கடவுளும் பிரபஞ்சமும்’ எழுதினார். ஆனால் நவீன காலத்து வாதங்களைப் படிக்கும்போது ஒரு குறை கண்ணில் படுகிறது. உண்டு என்பவரும் இல்லை என்பவரும் ‘எதை’ என்ற கேள்வியை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். பழைய மரபினர் இதில் நம்மைவிடக் கவனமானவர்கள். அவர்கள் இலக்கணத்தைத் தடத்தம், சொரூபம் என்று இரண்டாகப் பிரித்தார்கள். காகம் உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் தேவதத்தன் வீடு என்று காட்டினால் அது தடத்த இலக்கணம். வீட்டை அடையாளம் கண்டுகொள்ளலாம், ஆனால் காகம் வீட்டின் இயல்பு அல்ல. வீட்டின் இயல்பையே சொன்னால் அது சொரூப இலக்கணம். உலகைப் படைத்துக் காத்து அழிப்பவன் என்பது கடவுளுக்குத் தடத்த இலக்கணம். முடிவற்ற அறிவு, முடிவற்ற ஆற்றல், முடிவற்ற இன்பம் என்பவை சொரூப இலக்கணத்தைச் சேர்ந்தவை. இந்தப் பாகுபாடு இன்றைய அறிவியலுக்கும் மிகவும் பயன்படுகிறது. இரண்டு இலக்கணங்களும் மனத்தின் இரண்டு வேறு வேலைகளிலிருந்து வருகின்றன.

முதலில் தடத்தம். இதற்குப் பெரிய ஆதாரமாக நியாய மரபினர் முன்வைத்தது அனுமானம். குடம் ஒரு காரியப்பொருள், அதற்குக் குயவன் உண்டு. மண்ணும் மலையும் காரியப்பொருள்கள், ஆகவே அவற்றுக்கும் செய்தவன் ஒருவன் உண்டு. பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி 7-ஆம் நூற்றாண்டு வாக்கில் இதற்குச் சொன்ன மறுப்பு அபாரமானது. குடம் மண்ணால் ஆனது, அதைக் குயவன் செய்தான் என்பதை வைத்து மண்ணால் ஆன எல்லாவற்றுக்கும் குயவனைத் தேடினால், புற்றையும் குயவன்தான் செய்தான் என்று சொல்ல வேண்டிவரும். குடத்துக்குக் குயவன் உண்டு என்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், குயவர்கள் குடம் வனைவதைப் பார்த்திருப்பதுதான். மலை உருவாக்கப்பட்டதை யாரும் பார்த்ததில்லை. பௌத்தர் இப்படிச் சொன்னதில் வியப்பில்லை. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுசர், தம் வாழ்நாளையே திருமாலுக்குத் தந்தவர், ஸ்ரீபாஷ்யத்தில் இதே அனுமானத்தை உடைத்துப் போடுகிறார் என்பதுதான் வியக்கவைக்கிறது. உலகம் முழுவதும் ஒரே காலத்தில் ஒரே ஒருவரால் செய்யப்பட்டது என்பதற்கு என்ன சான்று? வெவ்வேறு பொருள்களை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேர் செய்வதைத்தானே காண்கிறோம்? நாம் கண்ட செய்பவர்கள் எல்லோரும் உடல் உள்ளவர்கள். உடல் இல்லாத ஒருவன் எதையாவது செய்து எங்கே பார்த்தோம்? அனுமானத்தை நம்பினால் உடலும் குறையும் உள்ள ஒரு செய்பவன்தான் கிடைப்பான், இறைவன் கிடைக்கமாட்டான் என்பது அவர் முடிவு. ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1779-ல் வெளியான உரையாடல் நூலில், வீட்டையும் கப்பலையும் பலர் கூடிக் கட்டுவதைக் காட்டி ஏறத்தாழ இதையே வாதிட்டார். ஹியூமைக் கொண்டாடும் நம் கல்லூரி வகுப்புகளில், ஆறு நூற்றாண்டுக்கும் முன்பு இதைச் சொன்ன இராமாநுசரை இந்தக் கோணத்தில் படிப்பது அரிதாகவே நடக்கிறது. இது பெரிய இழப்பு.

ஆனால் தர்மகீர்த்தியோ இராமாநுசரோ கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அனுமானம் இவ்வளவு பலவீனமானது என்றால், உலகெங்கும் மனிதர்களுக்கு அது ஏன் இவ்வளவு இயல்பாகத் தோன்றுகிறது? இங்கேதான் கடந்த எண்பது ஆண்டு உளவியல் உதவுகிறது. பெல்ஜிய உளவியலாளர் ஆல்பர்ட் மிஷோத் 1946-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சிறு சதுரம் நகர்ந்து இன்னொன்றைத் தொட, இரண்டாவது நகர்வதாகக் காட்டினார். பார்ப்பவர்களுக்கு அது வெறும் இரண்டு அசைவுகளாகப் படவில்லை. முதலாவது இரண்டாவதைத் தள்ளியது என்றே கண்ணுக்குப் பட்டது. தொடுவதற்கும் நகர்வதற்கும் நடுவே ஐந்தில் ஒரு வினாடி தாமதம் வைத்தாலே அந்தத் தோற்றம் கலைந்துவிடும். ஆறு மாதக் குழந்தைகளும் தள்ளுவதையும் வெறுமனே அடுத்தடுத்து அசைவதையும் வேறுபடுத்துகிறார்கள் என்று ஆலன் லெஸ்லியும் ஸ்டெஃபனி கீபிளும் 1987-ல் காட்டினார்கள். காரணம் என்ற கருத்து, யோசித்து அடைந்த முடிவாக வருவதற்கு முன்பே பார்வையின் பகுதியாக நமக்குள் இருக்கிறது. செய்பவன் என்ற கருத்தும் அப்படித்தான். ஃபிரிட்ஸ் ஹைடரும் மேரியன் ஸிம்மலும் 1944-ல் இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் அங்குமிங்கும் நகரும் சிறு படம் ஒன்றைக் காட்டி, என்ன பார்த்தீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். 34 பேரில் ஒருவர் மட்டுமே வடிவங்கள் நகர்ந்தன என்று எழுதினார். மற்றவர்கள் பெரிய முக்கோணம் மிரட்டியது, சின்ன முக்கோணம் துணிந்து எதிர்த்தது, வட்டம் பயந்து ஒளிந்தது என்ற வகையில் உயிருள்ளவற்றின் கதையாக எழுதினார்கள். இனி நோக்கம். பாறைகள் ஏன் கூராக இருக்கின்றன என்று டெபோரா கெலமென் 1999-ல் அமெரிக்கக் குழந்தைகளிடம் கேட்டபோது, மண் துகள்கள் சேர்ந்து அப்படி ஆயின என்ற விடையைவிட, விலங்குகள் உடம்பைச் சொறிந்துகொள்ள என்பது போன்ற விடையையே குழந்தைகள் அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். 2013-ல் அவரும் உடன் ஆய்வாளர்களும் இயற்பியல் சார்ந்த துறைகளில் பணிபுரியும் அறிவியலாளர்களையே சோதித்தார்கள். யோசிக்க நேரம் கொடுத்தபோது தவறான நோக்க விளக்கங்களை நன்றாகவே தள்ளியவர்கள், அவசரமாக விடை சொல்லவைத்தபோது விலங்குகள் மூச்சுவிடுவதற்காக மரங்கள் பிராணவாயு தருகின்றன என்பது போன்றவற்றை முன்னைவிட அதிகமாக ஏற்றார்கள். கற்ற அறிவு பழைய சாய்வை அடக்கிவைக்கிறது, அழித்துவிடுவதில்லை.

தடத்த இலக்கணத்தின் மூலப்பொருள்கள் இவைதாம். தள்ளுவதைப் பார்க்கும் கண், அசைவுக்குப் பின்னால் ஓர் ஆளைத் தேடும் மனம், எதற்காக என்று கேட்கும் பழக்கம். இவை இல்லாமல் குழந்தை பேசக் கற்றுக்கொள்ளாது, தாயின் முகத்தைப் படிக்காது, கருவிகளைப் பயன்படுத்தாது. புதரில் சலசலப்பு கேட்டால் காற்று என்று இருந்துவிடுவதைவிட ஏதோ விலங்கு என்று விலகிக்கொள்வது உயிருக்குப் பாதுகாப்பு. ஆகவே கடவுள் கருத்தைத் தொடங்கிவைக்க ஒரு முட்டாளோ, பரப்ப ஓர் ஏமாற்றுக்காரனோ தேவைப்படவில்லை. தமிழகத்தின் பகுத்தறிவு இயக்கத்துக்கு நாம் நிறையக் கடன்பட்டிருக்கிறோம். சமயத்தின் பேரால் நடந்த சாதிக் கொடுமையை அது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பூசாரி, புரோகிதர் அதிகாரம் எப்படி இயங்குகிறது என்பது பற்றி அது சொன்னவற்றில் பெரும்பகுதி சரியானது. ஆனால் அதிகாரம் அந்தக் கருத்தைப் பயன்படுத்திக்கொண்டது என்பது ஒன்று, அதிகாரம்தான் அதைக் கண்டுபிடித்தது என்பது வேறொன்று. முதலாவதற்கு வரலாற்றில் சான்று குவிந்து கிடக்கிறது. இரண்டாவதற்குக் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளே எதிர்ச்சான்று. நம்பிக்கையாளரை அறிவில் குறைந்தவர் என்று நினைப்பவர், தம் மூளையிலும் அதே எந்திரம் ஓடுகிறது என்பதை மறந்துவிடுகிறார்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வாதம் இங்கேதான் இருக்கிறது. மிதிலையைச் சேர்ந்த உதயனர், ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன், ‘நியாயகுசுமாஞ்சலி’யில் கடவுளை நிறுவப் பல வழிகளைச் சொல்கிறார். அவற்றுள் ஒன்று எண்ணிலிருந்து புறப்படுகிறது. நியாய வைசேடிக மரபின்படி ஒன்று என்பது பொருளிலேயே உள்ளது. ஆனால் இரண்டு, மூன்று என்பவை ‘இது ஒன்று, அது ஒன்று’ என்று சேர்த்துப் பார்க்கும் அறிவினால்தான் உண்டாகின்றன. அந்த அறிவுக்கு அபேட்சாபுத்தி என்று பெயர். படைப்பின் தொடக்கத்தில் இரண்டு அணுக்கள் சேர்ந்தால்தான் அளவுள்ள பொருள் உருவாக முடியும். அந்த அளவைத் தருவது அணுக்களின் இரண்டு என்ற எண். அப்போது எண்ணுவதற்கு மனிதர் யாரும் இல்லை. ஆகவே இரண்டு என்று எண்ணிய ஓர் அறிவு அங்கே இருந்திருக்க வேண்டும், அதுவே ஈசுவரன் என்கிறார். இந்த மரபு சென்னைக்கும் நெருக்கமானது: மயிலாப்பூர் சம்ஸ்கிருதக் கல்லூரி 1906-ல் தொடங்கப்பட்டது. அதில் பணியாற்றிய மகாமகோபாத்தியாய குப்புசாமி சாஸ்திரியார் 1932-ல் இந்திய அளவையியலுக்கு ஓர் அறிமுக நூல் எழுதினார். இந்த ஊரில் இந்தக் கருத்துகள் தலைமுறை தலைமுறையாகப் பாடமாக ஓதப்பட்டவை. அருவமான ஒரு கருத்து எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியையே கடவுளுக்குச் சான்றாக மாற்றிய உதயனரின் துணிச்சல், உலகத் தத்துவ வரலாற்றில் அரிதானது.

உதயனர் பாதி சரி. எண் என்ற கருத்து மனத்தின் உழைப்பால் உண்டாகிறது என்பதை இன்றைய ஆய்வுகள் உறுதிசெய்கின்றன. அந்த உழைப்பு எவ்வளவு நீண்டது என்பதுதான் புதிய செய்தி. ஐந்து மாதக் குழந்தைக்கு ஒரு பொம்மையைக் காட்டி, திரையால் மறைத்து, இன்னொன்றைச் சேர்த்துவிட்டு, திரையை விலக்கும்போது ஒன்று மட்டுமே இருந்தால் குழந்தை அதிக நேரம் உற்றுப் பார்க்கிறது என்று கரன் வின் 1992-ல் கண்டார். ஆக மிகச் சிறிய எண்ணிக்கைகள் பற்றிய உணர்வு பிறப்போடு வருகிறது. ஆனால் ஏழு, பன்னிரண்டு போன்ற துல்லியமான எண்கள் அப்படி வருவதில்லை. பிரேசிலின் முண்டுருக்கு மக்களுக்கு ஏறத்தாழ ஐந்து வரைதான் எண்ணுப்பெயர்கள் உண்டு. பெரிய புள்ளிக் குவியல்களை ஒப்பிடச் சொன்னால் அவர்கள் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல. ஆனால் எண்ணிக்கை கூடக் கூடத் துல்லியமான கழித்தல் அவர்களுக்குக் கடினமாகிவிடுகிறது என்று பியர் பிகாவும் உடன் ஆய்வாளர்களும் 2004-ல் எழுதினார்கள். குழந்தைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லைப் பாட்டுப்போல ஒப்பித்தாலும், ‘ஒன்று’ என்பதன் பொருளை முதலில் பிடித்து, பல மாதம் கழித்து ‘இரண்டு’, மேலும் சில மாதம் கழித்து ‘மூன்று’ என்று ஏறி, நான்கு வயதை ஒட்டித் திடீரென்று முழு வரிசையின் விதியையும் கண்டுகொள்கிறார்கள். சூசன் கேரி 2009-ல் எழுதிய ‘கருத்துகளின் தோற்றம்’ என்ற பெருநூலின் நடுவில் நிற்பது இந்த ஏற்றம்தான். ஒரு சமுதாயம் முழுவதும் இப்படி ஏறியதற்கும் தடயம் இருக்கிறது. மெசபடோமியாவில் பொதுவான எண்குறிகள் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தானியத்துக்கு ஒரு வடிவம், எண்ணெய்க்கு வேறு வடிவம் எனக் களிமண் வில்லைகள் கணக்குக்குப் பயன்பட்டன என்று டெனிஸ் ஷ்மாண்ட்-பெசெராத் விளக்கினார். சுமார் 5,000 ஆண்டுக்கு முந்திய ஊருக் நகர ஏடுகளிலும், ஆடுகளை எண்ணும்போது பத்து சிற்றலகைக் குறித்த அதே குறி, தானியத்தை அளக்கும்போது ஆறு சிற்றலகைக் குறித்தது. ஆட்டையும் தானியத்தையும் விட்டுப் பிரிந்து நிற்கும் தனி எண் அப்போதும் முழுமையாகப் பிறந்திருக்கவில்லை.

உதயனரின் மற்றப் பாதி நிற்பதில்லை. எண் என்ற கருத்து மனத்தில் உண்டாகிறது என்பதால், பொருள்கள் இரண்டாக இருப்பதற்கும் மனம் வேண்டும் என்று ஆகாது. பெருவெடிப்புக்குப் பின் சில நிமிடங்களில் இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் சேர்ந்து ஹீலியம் அணுக்கருக்கள் உருவாயின. அந்தச் சேர்க்கையை விளக்க விசைகளும் வெப்பநிலையும் போதும், எண்ணுபவர் தேவையில்லை. அப்போதும் ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்று உதயனர் தரப்பினர் சொல்லலாம். ஆனால் எண்ணாமல் இரண்டு இராது என்ற விதியை அவர்கள் எங்கிருந்து பெற்றார்கள்? தாம் எண்ணிப் பார்த்த அனுபவத்திலிருந்துதான். கருத்தின் பிறப்பைப் பற்றிய உண்மையைப் பொருளின் பிறப்புக்கு மாற்றிவிட்டார்கள். குயவனையும் மலையையும் இணைத்த அதே தாவல்தான் இது, கூடுதல் நுட்பத்தோடு.

சொரூப இலக்கணத்தின் ஆணிவேர் முடிவின்மை. பிரான்சின் டேக்கார்ட் 1641-ல் வாதிட்டது இதுதான்: நான் குறையுள்ளவன், முடிவுள்ளவன், முடிவற்ற ஒரு நிறைபொருளின் எண்ணம் எனக்குள் இருக்கிறதே, அதை என்னால் உருவாக்கியிருக்க முடியாது, அப்படிப்பட்ட ஒன்றே அதை எனக்குள் வைத்திருக்க வேண்டும். ஜான் லாக் இதை ஏற்கவில்லை. அறிவு, ஆற்றல், காலம் ஆகியவற்றைப் பற்றி நமக்கு உள்ள எளிய கருத்துகளைப் பெரிதாக்கிக்கொண்டே போய்த்தான் கடவுள் என்ற கருத்தை அடைகிறோம் என்றார். குழந்தைகள் பக்கம் திரும்பினால் லாக்கின் கை ஓங்குகிறது. எண்களுக்கு முடிவில்லை என்பதைக் குழந்தை பிறக்கும்போது கொண்டுவருவதில்லை. எண்ணக் கற்றுச் சில ஆண்டுகள் கழித்து, எந்த எண்ணைச் சொன்னாலும் ஒன்றைக் கூட்டலாம் என்ற விதி பிடிபட்ட பிறகே, கடைசி எண் என்று ஒன்று இல்லை என்பதை உணர்கிறது. முடிவின்மையை அது பார்க்கவில்லை, நிற்காத ஒரு விதியைப் புரிந்துகொள்கிறது. முடிவுள்ள மனத்துக்கு முடிவின்மை எட்ட இவ்வளவே போதும். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்துவிட்டு 1914-ல் கேம்பிரிட்ஜ் போன சீனிவாச இராமானுஜன், பூஜ்யத்தைக் குணங்களற்ற பிரம்மமாகவும் முடிவிலியைச் சாத்தியங்கள் எல்லாம் சேர்ந்த முழுமையாகவும் கண்டு, இரண்டின் பெருக்கலில் எல்லா எண்களும் பிறப்பதாகப் பேசினார் என்று அங்கே அவருடன் பழகிய பி. சி. மகலனோபிஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். எண்களோடு அத்தனை நெருக்கமாக வாழ்ந்த ஒருவர் கடவுளை எண்ணின் பொருளால் செய்துகொண்டார். குயவர் ஊரில் கடவுள் வனைபவன். எண்களில் வாழ்ந்தவருக்குக் கடவுள் பூஜ்யமும் முடிவிலியும்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். கருத்து மனத்தில் பிறந்தது என்பதால் பொய்யாகிவிடுமா? எண்ணும் மனத்தில் பிறந்ததுதான். அதற்காகப் பகா எண்கள் பற்றிய தேற்றங்கள் பொய்யா? ஆட்சேபம் முழுக்கச் சரியானது, நான் அதை ஏற்கிறேன். பிறப்பை வைத்து உண்மையைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் ஆட்சேபிப்பவர் தாமே எண்ணை ஒப்புமைக்கு எடுத்துவிட்டதால், எண்ணை எதனால் நம்புகிறோம் என்றும் பார்க்க வேண்டும். கேரளத்தின் சங்கமகிராமத்து மாதவரும் அவர் மாணவர் மரபும் வட்டத்தின் பரிதிக்குக் கண்டறிந்த முடிவிலித் தொடரை, சுமார் முந்நூறு ஆண்டு கழித்து ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் 1670-களில் தம் வழியில் கண்டறிந்தார். மொழி, சமயம், குறியீடு எல்லாம் வேறு. உறுப்புக்கு உறுப்பு தொடர் ஒன்றே. மனத்தில் பிறந்த கருத்து மனத்துக்கு வெளியிலும் பிடிமானம் உள்ளது என்பதற்கு இப்படித் தனித்தனியே தேடி ஓரிடத்தில் வந்து சேர்வது நல்ல அறிகுறி. கடவுள் கருத்தில் இப்படி நடந்ததா? சாங்கியம் உலகை மூலப்பிரகிருதியால் விளக்கிவிட்டுப் படைப்பவனை விட்டுவிடுகிறது. சமணம் உலகம் தொடக்கமில்லாதது என்கிறது. சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்கிறது. கிறித்தவமும் இசுலாமும் ஒன்றுமில்லாததிலிருந்து படைப்பு என்கின்றன. அத்வைதம் படைப்பையே தோற்றம் என்கிறது. சைதாப்பேட்டையின் காரணீஸ்வரர் கோயிலிலிருந்து நடந்து போகும் தொலைவில், அப்போஸ்தலர் தோமாவின் நினைவைப் போற்றும் சின்னமலை தேவாலயம் இருக்கிறது. இரண்டிலும் வழிபடுபவர்கள் மண்டியிடும் மனநிலை ஒன்றாக இருக்கலாம். கடவுளைப் பற்றிச் சொல்லும் இலக்கணம் ஒன்றாக இல்லை.

எல்லாச் சமயங்களும் அடியில் ஒன்றுதான் என்பது இதற்கு வரும் பதில். 1882 முதல் அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபை இதை உலகமெங்கும் கொண்டுபோனது. அதன் பின்னாலிருந்த பெருந்தன்மையை மதிக்கிறேன். ஆனால் ஒற்றுமையைக் காட்ட வேண்டுமானால், வேறுபடும் ஒவ்வொன்றையும் கழித்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது: உருவம், பெயர், படைப்பு, அருள், நீதி. எல்லாம் கழிந்தபின் மிஞ்சுவதை மக்கள் உண்மையில் வழிபடுகிறார்களா? ஜஸ்டின் பேரட்டும் ஃபிராங்க் கைலும் 1996-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்ச்சான்று தருகிறது. கடவுள் எங்கும் இருப்பவர், ஒரே நேரத்தில் எத்தனை வேலை வேண்டுமானாலும் செய்பவர் என்று அமெரிக்க மாணவர்கள் நேர்க்கேள்விக்கு விடை சொன்னார்கள். அவர்களிடமே ஒரு கதை சொல்லப்பட்டது: ஆற்றுப்பாறையில் கால் சிக்கிய சிறுவன் வேண்டும்போது, கடவுள் உலகின் வேறு பகுதியில் இன்னொருவர் வேண்டுதலுக்குச் செவிசாய்த்துக்கொண்டிருந்தார், விரைவில் சிறுவனுக்கும் உதவினார். நினைவிலிருந்து திருப்பிக் கேட்டபோது, கடவுள் அந்த வேலையை முடித்துவிட்டு இங்கே வந்தார் என்ற பொருளில் பலர் மாற்றி நினைவுகூர்ந்தார்கள். வட இந்தியாவில் இந்துக் கடவுளர் பெயர்களோடு இதே சோதனையைப் பேரட் செய்து 1998-ல் வெளியிட்டார். அங்கும் போக்கு மாறவில்லை. சொல்லும் இலக்கணம் சொரூபம், நினைக்கும் கடவுள் ஆள். தத்துவம் கழித்துக் கழித்து அடைந்த ஒன்றை, மனம் மறுபடியும் கால், கை, நேரம், வரிசை உள்ளவராக ஆக்கிவிடுகிறது.

கடவுள் சொல்லுக்கு அப்பாற்பட்டவர், ஆகவே மறுத்து மறுத்துத்தான் உணர்த்த முடியும் என்பவர்களும் உண்டு. காஞ்சிபுரத்துக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்லும் திக்நாகர் இதற்கு நல்ல வெளிச்சம் தருகிறார். பசு என்ற சொல் பசுக்களில் எல்லாம் குடியிருக்கும் பசுத்தன்மை என்ற ஒன்றைச் சுட்டுகிறது என்றார்கள் நியாய மரபினர். அப்படி ஒன்று தேவையில்லை, பசு அல்லாதவற்றை விலக்குவதே அந்தச் சொல்லின் வேலை என்றார் திக்நாகர். பொதுக்கருத்துகள் எப்படிப் பிறக்கின்றன என்பதற்கு உலகில் சொல்லப்பட்ட மிகக் கூர்மையான விடைகளுள் இது ஒன்று. விலக்கல் வேலை செய்வது ஏதோ மிஞ்சுவதால்தான். குதிரை, எருமை, ஆடு எல்லாம் போனால் பசு நிற்கும். அறியக்கூடிய அனைத்தையும் விலக்கினால் என்ன நிற்கும்? அறிபவனாகிய உணர்வு நிற்கும் என்பார் அத்வைதி. மதிப்புக்குரிய விடை. ஆனால் அப்போது பேச்சு உலகைப் படைத்தவனைப் பற்றியதாக இல்லை, உணர்வு என்றால் என்ன என்பதைப் பற்றியதாக ஆகிவிட்டது. அந்தக் கேள்வி நரம்பியலிலும் தத்துவத்திலும் உண்மையிலேயே திறந்திருக்கிறது. அதைத் திறந்தே வைத்துக்கொண்டு விவாதிப்போம். ஆனால் அதில் கிடைக்கும் விடையை வேண்டுதலைக் கேட்பவர் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

சைதாப்பேட்டையில் உளவியல் சொன்ன இராதாகிருஷ்ணன், தம் முதிர்ந்த நூலான 1932-ன் ‘ஆன் ஐடியலிஸ்ட் வியூ ஆஃப் லைஃப்’ நூலில் வேறொரு வாசலைத் திறந்தார். அனுமானம் கடவுளைத் தராது, ஆனால் நேரடி அனுபவம் தரும். இலக்கணங்களும் சமயக் கோட்பாடுகளும் அந்த அனுபவத்துக்கு அறிவு பின்னர் தரும் விளக்கங்கள். விளக்கம் மாறினாலும் அனுபவம் ஒன்றே. இதுதான் நம்பிக்கைத் தரப்பின் மிக வலிமையான வாதம் என்பது என் எண்ணம். அனுபவம் நிகழ்கிறது என்பதை நான் ஐயப்படவில்லை. அப்படி அனுபவித்தவர்கள் பலர் வாழ்க்கையே மாறிப்போனவர்கள். ஆனால் அனுபவம் ஒருபுறம், விளக்கம் மறுபுறம் என்று வெட்டிவைக்க முடியுமா? ஸ்டீவன் காட்ஸ் 1978-ல் சுட்டிக்காட்டியது போல, யூத ஞானி யூத மரபு சொல்லும் அனுபவத்தையும் பௌத்தத் துறவி பௌத்தம் சொல்லும் அனுபவத்தையுமே பெரும்பாலும் அடைகிறார்கள். பல ஆண்டுப் பயிற்சி அந்த அனுபவத்தை வடிவமைக்கிறது. தள்ளுவதைப் பார்ப்பதிலேயே காரணம் கலந்திருக்கிறது என்று மிஷோத்தின் சதுரங்கள் காட்டின. எளிய பார்வையிலேயே கருத்து கலந்திருக்கும்போது, மனிதருக்குக் கிடைக்கும் மிகத் தீவிரமான அனுபவத்தில் மட்டும் அது கலக்காமல் இருக்கும் என்று எதிர்பார்க்கக் காரணம் இல்லை. தம் 1912 நூலின் பாடத்தை இராதாகிருஷ்ணன் 1932-ல் இன்னும் கறாராகப் பிடித்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

அனுமானமும் அனுபவமும் போதவில்லை என்றால் மிஞ்சுவது உரை அளவை, அதாவது வேதம், ஆகமம், திருமறை. இராமாநுசர் அங்கேதான் போய் நின்றார். அனுமானத்தை அவர் உடைத்ததே சாத்திரத்துக்கு இடம் ஒழிக்கத்தான். இதில் ஒளிவுமறைவில்லாத நேர்மை இருக்கிறது: கடவுளைத் தருக்கத்தால் காட்டுகிறேன் என்று அவர் பாசாங்கு செய்யவில்லை. ஆனால் உரையை நம்புபவர்களிலேயே மிகக் கண்டிப்பானவர்கள் மீமாஞ்சகர்கள். வேதம் யாராலும் செய்யப்படாதது, பிழையற்றது என்பது அவர்கள் நிலை. அதே மூச்சில் படைப்புக் கடவுளை மறுத்தவர்களும் அவர்களே. 7-ஆம் நூற்றாண்டில் குமாரிலபட்டர் சுலோகவார்த்திகத்தில் கேட்கிறார்: எதுவுமே இல்லாதபோது படைத்தவன் எங்கே இருந்தான், அதைப் பார்த்துப் பின்வந்தவர்களுக்குச் சொன்னவர் யார்? அவனே சொன்னான் என்றால், படைக்காமலே தன் பெருமையைக் காட்டுவதற்காகவும் அப்படிச் சொல்லியிருக்கலாமே? வேதத்தின் ஓர் எழுத்துக்கும் பங்கம் வரக்கூடாது என்று வாதாடியவரின் கேள்வி இது. உதயனர் உட்படப் பின்வந்த ஈசுவரவாதிகள் விடை சொல்ல முயன்றவற்றுள் இதுவும் ஒன்று. தொடக்கத்தில் யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்ற விடை, அங்கே யார் பார்த்தது என்ற அந்தக் கேள்விக்குப் பதிலாகவில்லை.